நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும் நேரம்

கூட்டம் ஆறு மணிக்கு என்றால் அவர் ஐந்து மணிக்கே வந்துவிடுவார். முதல் வேலை, மேடைமேல் போட்டிருக்கும் மேசையையும் அதன்மேல் விரித்த வெள்ளைத் துணியையும் எடுக்கச் சொல்வது. அடுத்து, பள்ளிக்கூட வரிசையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவது. கூடத்துச் சௌக்கிதாருக்கு இது பிடிக்காது. "அப்ப பெரிய சாப் எங்கே உட்காருவார்?" என்று கேட்பார். எல்லோரோடும்தான் என்று பதில் வரும். தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில், டீ வெளியே வராந்தாவில், முட்டிவலிக்காரர்களுக்குக் கைவைத்த நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. தனக்கான நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டுக்கொள்வார். தாமதமாக வருகிறவர் எங்கே தயங்கி நிற்கிறார், யார் முகம் சுருங்கிப் பாதியில் எழப் பார்க்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும். பேச்சு தொடங்கியபின் தான் வாய் திறக்க வேண்டிய தேவை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் மத்திய அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் அவர். ஒரு பக்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட், இன்னொரு பக்கம் சரோஜினி நகர், கூப்பிடு தூரத்தில் கித்வாய் நகர், அதைத் தாண்டினால் எய்ம்ஸ். முருங்கைக்காயும் வாழைப்பூவும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். பிள்ளைகள் தமிழ் படிக்க, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. அப்பாவின் வேலையோடு வந்த குடும்பம். இன்று அவரே ஓய்வு வயதை நெருங்குகிறார். அவருடைய தொழிலுக்கு அக்கம்பக்கத்தில் யாரும் பெயர் வைக்கவில்லை. குடியிருப்போர் சங்கங்கள், பெற்றோர் குழுக்கள், நோயாளிகளின் குடும்பத்தார், தொண்டு நிறுவன ஊழியர்கள் என்று பலரும் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் அந்தப் பேச்சு உருப்படியாக நடக்கும்படி பார்த்துக்கொள்வது அவர் வேலை. பயிற்சி உலகத்தில் இதை ஃபெசிலிட்டேட்டர் என்பார்கள். குழு நெறியாளர் என்றும் சொல்லலாம். குழுவில் கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாக்குக் கொடுப்பவர் என்பதால், இந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இல்லை, குழுக்களில் இருந்தவர்களின் பெயரும் இல்லை.

இந்தத் தொழிலில் பேசக் கற்றுக்கொள்ள அவருக்கு அதிக காலம் ஆகவில்லை. எங்கே பேசக்கூடாது என்பது பிடிபடத்தான் வருஷக்கணக்கானது.

இத்துறையின் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் ஊர்க் கல்லூரி ஒன்றில், இனப் பாகுபாட்டைக் குறைக்கும் வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு பயிலரங்கம் நடந்தது. நடத்தியவர் ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறிய யூத உளவியலாளர் குர்ட் லெவின். பகலில் குழுக்கள் பேசும். ஆய்வாளர்கள் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். இரவில் அவர்கள் மட்டும் கூடி, இன்னார் இப்படி நடந்துகொண்டார் என்று அலசுவார்கள். ஓர் இரவு, பங்கேற்பாளர்கள் சிலர் அந்த அலசலைக் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். தன்னைப் பற்றி ஆய்வாளர் சொன்ன வர்ணனையைக் கேட்ட பெண்மணி ஒருவர், அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று மறுத்தார். அறையில் சலசலப்பு. லெவின் அவரை அடக்கவில்லை, பேச விட்டார். அடுத்தடுத்த இரவுகளில் கூட்டம் பெருகியது. தங்கள் குழுவைத் தாங்களே அலசுவதில்தான் ஆழமான கற்றல் இருக்கிறது என்று அங்கே தெரியவந்தது. லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். அதே ஆண்டு கோடையில் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் அவருடைய சகாக்கள் தொடங்கிய பயிற்சிக்கூடத்திலிருந்துதான் 'டி-குரூப்' (பயிற்சிக் குழு) என்கிற முறை உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவில் உதய் பாரீக் போன்றவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இதைப் பயிற்றுவிக்க 'இஸாப்ஸ்' என்ற அமைப்பு உருவானது. நம் நெறியாளரும் அப்படியொரு பயிற்சிக்கூடத்தில் உட்கார்ந்து எழுந்தவர்தான். நாற்காலியில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், அவரே பயிற்சியாளர் என்று தெரிந்த முதல் நாளின் குழப்பத்தை அவர் இன்றும் விவரித்துச் சொல்வார்.

ஆனால் அந்த மௌனத்தை அப்படியே லக்ஷ்மிபாய் நகருக்குக் கொண்டுவர முடியாது என்பது அவர் கட்சி. குழு மௌனத்தின் பேராசான் என்று வில்ஃப்ரட் பியானைச் சொல்வார்கள். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில், இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில், தலைவர் ஏதாவது சொல்வார் என்று குழு காத்திருக்க, அவர் எதையும் தொடங்கி வைக்காமல் உட்கார்ந்திருப்பார். குழு எரிச்சலாகும், வேறொரு தலைவரைத் தேடும், சண்டை போடும் அல்லது ஓடப் பார்க்கும். அவற்றையெல்லாம் கவனித்து எழுதிய கட்டுரைகள் 1961இல் புத்தகமாக வந்தன. அந்த பியான் பிறந்தது தில்லிக்குப் பக்கத்து மதுராவில், 1897இல் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் இதே தில்லி வட்டாரத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பவர் பேசவில்லை என்றால் அவருக்குக் கோபம் என்றே எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் அதை அவமரியாதையாகவும் நினைப்பார்கள். ஆகவே நம் நெறியாளர் தொடக்கத்திலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறார்: "நடுவுல நான் ரொம்ப நேரம் பேசாம இருப்பேன். கோபமில்லை, கவனமா கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். என்னைப் பார்த்துப் பேச வேண்டாம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசுங்க." இதைச் சொன்னபிறகு வரும் மௌனம் யாரையும் உறுத்துவதில்லை.

இதற்கு உதாரணமாக ஒரு மே மாதத்து டுல்லு பம்ப் பஞ்சாயத்தைச் சொல்ல வேண்டும். தில்லியில் குடியிருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: தெருக்குழாயில் அழுத்தம் போதாதபோது, லைனிலிருந்து நேராகத் தண்ணீரை உறிஞ்சப் பொருத்திக்கொள்கிற சின்ன மோட்டார் அது. கீழ்வீட்டில் போட்டால் மேல்வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அந்தப் பிளாக்கில் மேலும் கீழுமாக எட்டு குடும்பங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் (சிபிடபிள்யூடி) என்கொயரி ஆபீஸில் கம்ப்ளெயிண்ட் புத்தகம் நிரம்பியிருந்தது. மாடிப்படியில் பார்த்தால் பேசிக்கொள்வதில்லை என்கிற கட்டம் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்தார்கள்.

முதல் அரைமணி நேரம் எல்லோரும் அவரைப் பார்த்தே பேசினார்கள். "மேடம், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க." தீர்வு அவரிடம் இருந்தது. மேல்வீடுகளுக்கு ஒரு நேரம், கீழ்வீடுகளுக்கு ஒரு நேரம் என்று பிரித்துவிட வேண்டியதுதான். வரும்போதே நோட்டில் குறித்து வைத்திருந்தார். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, நாற்காலியை அரையடி பின்னுக்கு இழுத்தார். தன்னைப் பார்த்துக் கேட்கிறவரின் கண்ணைப் பார்க்காமல், பேசாமல் இருந்த எதிர்வரிசைக்காரரைப் பார்த்தார். ஒருவர் பார்வை போகிற திசையிலேயே மற்றவர்கள் பார்வையும் போகும். மெல்ல மெல்லப் பேச்சு அவரை விட்டு விலகியது.

குற்றச்சாட்டுகள் தீர்ந்ததும் நீண்ட அமைதி. மின்விசிறிச் சத்தம் மட்டும். இப்படிப்பட்ட நேரத்தில்தான் அனுபவம் குறைந்தவர்கள் 'சரி, அப்போ அடுத்த விஷயத்துக்குப் போகலாமா?' என்று கேட்டுக் காரியத்தைக் கெடுப்பார்கள். அவர் காத்திருந்தார். அப்புறம் மேல்வீட்டில் இருந்த தமிழ் டீச்சர் ஒருவர், யாரையும் குற்றம் சொல்லாமல், "தண்ணி உண்மையிலே எத்தனை மணிக்கு வருது? யாருக்காவது தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். டீச்சர் எழுந்துபோய்த் தன் வீட்டுத் தினசரி காலண்டரின் கிழித்த தாள்களைக் கட்டாக எடுத்துவந்தார். தண்ணீர் வந்த நேரத்தை, போன நேரத்தை, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் குறித்திருந்தார். எட்டு குடும்பமும் தலையை முட்டிக்கொண்டு அந்தத் தாள்களைப் பார்த்தது. வருகிற நேரமே சில வாரங்களாக மாறிப்போயிருந்தது. அதைக் கவனிக்காமல் மேலும் கீழும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒருவர், படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் மோட்டாரை முதலில் போடுவதாக அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். மேல்வீட்டுக்காரர் ஒருவர், "அம்மாவுக்கு வேணும்னா எங்க வாளியிலேயிருந்து எடுத்துக்கோங்க" என்றார். தண்ணீர் வந்த முதல் இருபது நிமிடம் எந்த மோட்டாரும் ஓடக்கூடாது, நேரம் மாறியதைப் பற்றி எட்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு என்கொயரியில் கொடுப்பது என்று முடிவானது. நோட்டில் இருந்த தீர்வில் அந்தத் தாயாரும் இல்லை, காலண்டர் தாளும் இல்லை. அவர் அதைச் சொல்லியிருந்தால் மரியாதைக்காக ஒத்துக்கொண்டு, அடுத்த வாரமே மீறியிருப்பார்கள். இருபது நிமிட ஒப்பந்தம் அந்தக் கோடை முழுக்க நின்றது. மறு வருஷம் புதுக் குடும்பம் ஒன்று மாற்றலாகி வந்தபோது குலைந்தது. அப்போது அவர்களே கூடிப் பேசிக்கொண்டார்கள். அவருக்குச் சொல்லக்கூட இல்லை. அதை அவர் மிகுந்த சந்தோஷத்தோடு சொல்கிறார்.

காத்திருப்பது எவ்வளவு நேரம்? இதற்கு அவர் பள்ளிக்கூட ஆராய்ச்சி ஒன்றைத் துணைக்கு அழைப்பார். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி அல்லது அதற்கும் குறைவு. அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் பல மடங்கு நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1970களில் வந்த முடிவுகள் இவை. மாணவர் பதில் சொன்னபின்பும் இன்னொரு 3 வினாடி பொறுக்க வேண்டும் என்றும் ரோ கண்டார். பெரியவர்கள் குழுவில் இரண்டாவது காத்திருப்புதான் கடினம் என்பது நெறியாளரின் அனுபவம். ஒருவர் பேசி முடித்ததும் "ரொம்ப நல்ல பாயிண்ட்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே அடைபட்டுவிடும். சொல்லாமல் விட்டால், பேசியவரே "ஆனா ஒண்ணு..." என்று தொடருவார். அந்த "ஆனா"வுக்குப் பின்னால்தான் விஷயம் இருக்கும்.

எல்லா மௌனமும் ஒன்றல்ல. யோசிக்கிற மௌனத்தில் கண்கள் ஆளுக்கொரு பக்கம் இருக்கும்: ஒருவர் தரையைப் பார்ப்பார், ஒருவர் வளையலைத் திருகுவார், ஒருவர் பேனாவால் கிறுக்குவார். பயந்த மௌனத்தில் எல்லாக் கண்களும் ஒரே ஆளிடம் இருக்கும். அரசுக் குவார்ட்டர்ஸில் அது சாதாரணம். ஆபீஸ் படிநிலை வீடுவரை வரும்; அண்டர் செக்ரட்டரி வாய் திறக்காமல் செக்ஷன் ஆபீசர் பேசமாட்டார், அவர் பேசாமல் எல்.டி.சி. பேசமாட்டார், பேச்சும் ஃபைல் மாதிரி மேலே போய்த்தான் கீழே இறங்கும். அங்கே நெறியாளர் ஒதுங்கி நிற்பது பெருந்தன்மை ஆகாது; மேலே இருப்பவருக்குக் கொடி பிடிப்பதாகிவிடும். அப்போதும் அவர் சொந்தக் கருத்து எதையும் சொல்வதில்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஐந்து நிமிடம் பேச வைப்பார், அல்லது துண்டுச் சீட்டுகளில் பெயரில்லாமல் எழுதச் சொல்லிச் சுவரில் ஒட்டுவார். சுவரில் ஒட்டிய சீட்டுக்குப் பதவி கிடையாது.

தில்லியில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது பாகிதாரி. ஷீலா தீட்சித் முதலமைச்சராக இருந்தபோது 2000 ஜனவரியில் தொடங்கிய திட்டம். குடியிருப்போர் சங்கத்தாரையும் தண்ணீர், மின்சாரம், போலீஸ், மாநகராட்சி அதிகாரிகளையும் கலந்து வட்ட மேசைகளில் உட்கார வைப்பார்கள். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோர். மூன்று நாள் பயிலரங்கம். மேசைக்காரர்களே பிரச்சினையைப் பட்டியலிட்டு, அவர்களே ஒத்த முடிவுக்கு வர வேண்டும். கூட உதவுகிறவர்கள் நேரம் பார்ப்பார்கள், தாள் கொடுப்பார்கள், முடிவில் தலையிடமாட்டார்கள். 2005இல் ஐ.நா.வின் பொதுச் சேவை விருது அதற்குக் கிடைத்தது. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்திருந்த ஜூனியர் இன்ஜினியர், தன் மேசையில் அமர்ந்து சமோசா பிட்டுக்கொண்டே "எனக்கு இந்த லைனுக்கு எத்தனை ஆள் இருக்காங்க தெரியுமா?" என்று கேட்டபோது மேசையே அமைதியானதை நெறியாளர் நேரில் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தத் திட்டத்தின் மேல் ஆய்வாளர்கள் வைத்த விமர்சனம் சரியானது என்றே அவரும் நினைக்கிறார்: அங்கீகரிக்கப்பட்ட காலனிகளுக்கு அங்கே மேசை இருந்தது, ஜுக்கி எனப்படும் குடிசைக் குடியிருப்புகளுக்கு இல்லை. உள்ளே வந்தவர்கள் நடுவே எவ்வளவு அழகாக ஒதுங்கி நின்றாலும், வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குரலை அந்த ஒதுங்கல் கொண்டுவராது. யாருக்கு நாற்காலி என்பது முதல் நாளே தீர்மானமாக வேண்டிய விஷயம். அதில் நெறியாளர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இதே பாடத்தை மகளிர் சுய உதவிக் குழுக்கள் படித்தன. இந்த முயற்சி 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, 1990களின் பிற்பகுதியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. தொடக்கத்தில் தொண்டு நிறுவனப் பணியாளர்தான் நோட்டு எழுதுவார், கணக்குப் பார்ப்பார், வங்கிக்குக் கூட்டிப்போவார். குழு காலூன்றியதும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் பொறுப்பெடுக்க, பணியாளர் விலக வேண்டும் என்பது திட்டம். விலகாத இடங்களில் என்ன ஆனது என்பதை நெறியாளர் பயிற்சி கொடுக்கப் போன ஊர்களில் கண்டிருக்கிறார்: தீர்மானப் புத்தகம் முழுக்க ஒரே கையெழுத்து, உறுப்பினர்களுக்குக் கடன் நிலுவை எவ்வளவு என்று தெரியாது, பணியாளர் லீவு போட்டால் கூட்டமே கிடையாது.

அதே காலத்தில் ராபர்ட் சேம்பர்ஸ் என்கிற பிரிட்டிஷ் அறிஞர் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு, மைராடா போன்ற அமைப்புகளோடு சேர்ந்து கிராம மக்களே தங்கள் ஊரை வரைந்து அலசுகிற முறையை வளர்த்தெடுத்தார். கோலை அவர்கள் கையில் கொடு என்பது அவருடைய அழுத்தமான வாக்கு. வெளியிலிருந்து வந்தவர் குச்சியால் மண்ணில் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தக் குச்சியை ஊர்க்காரரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். கோலப்பொடியாலும் கலர்ப்பொடியாலும் பெண்கள் தங்கள் ஊர் வரைபடம் போடுகையில், குளத்தைத் தவறான பக்கம் போட்டுவிட்டார்களே என்று படித்தவரின் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்தால், இன்னொரு பெண் வந்து முந்தானையால் அழித்துச் சரியாகப் போடுவார். அழிக்கும்போது, குளத்துக்குத் தண்ணீர் வந்த பழைய வாய்க்காலை யார் அடைத்தார்கள் என்ற பேச்சும் கூடவே வரும். திருத்தியிருந்தால் குளம் சரியான இடத்துக்கு வந்திருக்கும், வாய்க்கால் வந்திருக்காது.

நெறியாளர் சட்டென்று குறுக்கே விழுகிற இடங்களும் உண்டு. ஒரு காலனியில் திருட்டு பயம் பற்றிய கூட்டம். டீ கொண்டுவந்த வீட்டு வேலைப் பெண்மணி நிற்கும்போதே ஒருவர் "இவங்களை மாதிரி ஆளுங்கதான் தகவல் சொல்றாங்க" என்றார். குழுவே சமாளித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வினாடிகூட அவர் காத்திருக்கவில்லை. "இவங்க இங்கே நிக்கறாங்க. இவங்களைப் பத்திப் பேசணும்னா இவங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுட்டுப் பேசலாம். இல்லேன்னா அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கோங்க." வார்த்தை வாபஸானது. மற்றொரு முறை, எய்ம்ஸுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பங்கள் பேசிக்கொண்டபோது, வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்குப் போகலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். "அண்ணா, டாக்டரைக் கேக்காம அந்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அது மட்டும் இங்கே விவாதத்துக்கு இல்லை" என்று முடித்துவிட்டார். அவமானமும் உயிருக்கு ஆபத்தும் குழுவின் சுதந்திரத்துக்குள் வராது.

அழுகை அப்படியல்ல. படிப்பில் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய ஒரு மாலையில், அதுவரை ஜோக் அடித்துக்கொண்டிருந்த அப்பா ஒருவர் உடைந்து அழத் தொடங்கினார். பக்கத்து மாமி டிஷ்யூ பெட்டியைத் தேடி எழப்போனார். நெறியாளர் கையால் சைகை காட்டி உட்கார வைத்தார். டிஷ்யூவை நீட்டுவது 'போதும், துடைச்சுக்கோ' என்று சொல்வதாகிவிடும். அதனால் பெட்டியை எப்போதும் வட்டத்தின் நடுவில் தரையில் வைத்திருப்பார், வேண்டியவர் குனிந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. அந்த அப்பா எடுக்கவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, பையனை முந்தைய வாரம் அடித்ததைச் சொன்னார். யாரும் புத்திமதி சொல்லவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி இருந்த இன்னொருவர், "நானும்தான் சார்" என்றார். மதுப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களின் ஏ.ஏ. கூட்டங்கள் 1935இல் அமெரிக்காவில் தொடங்கி, இந்தியாவுக்கு 1957இல் வந்து இன்றும் நடப்பது இந்த ஒழுங்கில்தான்: ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது மற்றவர் மறுமொழியோ யோசனையோ சொல்லாமல் கேட்பது, பிறகு தன் கதையைச் சொல்வது.

இப்போது பாதிக் கூட்டங்கள் கணினித் திரையில். அங்கே மௌனத்துக்கு மரியாதை இல்லை, மூன்று வினாடி ஆனாலே "ஹலோ, கேக்குதா? மியூட்டில இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம், யோசித்துத் தாளில் எழுதுங்கள் என்று முன்னமே அறிவித்துவிடுகிறார். மௌனத்துக்கு நேரம் குறித்துவிட்டால் யாரும் இணைப்பைச் சந்தேகப்படுவதில்லை.

தன்னிடம் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களுக்கு அவர் கொடுப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. கூட்டத்தில் குறுக்கிட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், சொல்ல நினைத்ததை நேரத்தோடு அதில் எழுத வேண்டும், சொல்லக் கூடாது. கூட்டம் முடிந்தபின் இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். குழுவில் யாராவது பிறகு அதையே சொல்லியிருந்தால் அந்த வரியில் ஒரு கோடு. தொடக்கத்தில் இளைஞர்கள் திகைத்துப்போவார்கள், அத்தனை கோடுகள் விழும். கோடு விழாத வரிகளில்தான் இருவரும் அதிக நேரம் செலவழிக்கிறார்கள்: குழுவுக்கு அது ஏன் தோன்றவில்லை, தோன்றியும் சொல்லப் பயந்தார்களா, யார் பயந்தார்கள், அடுத்த முறை அவரை எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று.